ஒரே வீட்டில் மூன்று குடலிறக்கம்: மூவருக்கும் மூன்று விதமான ஆலோசனை ஏன்?

கேள்வி: வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இப்போது மூன்று பேருக்குக் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, இருப்பதாக மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூவருக்கும் சொல்லப்பட்ட ஆலோசனை ஒன்றுக்கொன்று மாறாக இருப்பதால், எதை நம்புவது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன்.

அப்பாவுக்கு வயது 61. நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பது ஆண்டுகளாகச் சுமை தூக்குகிறார். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு வலது கவட்டையில் ஒரு புடைப்பு இருக்கிறது. காலையில் எழும்போது ஒன்றும் தெரியாது. 40 கிலோ சிப்பங்களை லாரியில் ஏற்றத் தொடங்கிய சிறிது நேரத்தில் அது எலுமிச்சம்பழ அளவுக்கு வெளியே வந்துவிடும். அப்போது அவர் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, சாக்கு அடுக்கின் மேல் மல்லாந்து படுத்து, இரண்டு விரல்களால் அதை மெல்ல உள்ளே தள்ளி, துண்டைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் வேலைக்கு எழுந்துவிடுவார். மருத்துவர் இவருக்கு மட்டும், தள்ளிப்போடாமல் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்கிறார். அப்பாவோ, வலியே இல்லாத ஒன்றுக்கு ஏன் கத்தி என்று கேட்கிறார்.

அம்மாவுக்கு வயது 53. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, தொப்புளுக்குக் கீழே நெடுக்காகக் கீறிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அந்தத் தழும்பை ஒட்டி இப்போது வயிறு பலாக்காய் போலப் புடைத்து நிற்கிறது. அப்பாவுடையதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. ஆனால் அவரிடம், முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள், எடையைக் குறையுங்கள், சி.டி. ஸ்கேன் எடுங்கள், பிறகு அறுவை பற்றிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது, என் தங்கையின் எட்டு மாதக் குழந்தை. அழும்போது தொப்புள் சுண்டைக்காய் அளவுக்குப் பிதுங்கும். மருத்துவர் பார்த்துவிட்டு எதுவும் செய்ய வேண்டாம், நாலைந்து வயதுவரை காத்திருங்கள் என்கிறார். பாட்டிக்கு மனம் கேட்கவில்லை. பழைய ஒரு ரூபாய் நாணயத்தை வெள்ளைத் துணியில் பொதிந்து தொப்புளின் மேல் வைத்துக் கட்டியிருக்கிறார்.

சிறியதைக் காத்திருக்கச் சொல்கிறார்கள், நடுத்தரமானதை உடனே அறுக்கச் சொல்கிறார்கள், மிகப் பெரியதைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். மூன்றும் ஒரே நோய்தானா? அறுவையின்போது துளையை அடைக்க உள்ளே வைக்கும் வலை காலப்போக்கில் கெடுதல் செய்யும் என்று சிலர் சொல்வது உண்மையா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில் 1: அறுவைக்கூடம்

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். மூவரையும் நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அவர்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று ஆலோசனைகளும் சரியானவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவை முரண்படுவது போலத் தெரிவதற்குக் காரணம், நாம் எல்லோரும் புடைப்பின் அளவைப் பார்க்கிறோம். அறுவை மருத்துவர் பார்ப்பதோ அந்தப் புடைப்பு வெளியேறி வரும் துளையை. துளை எந்த இடத்தில் இருக்கிறது, அதன் வாய் எவ்வளவு அகலம், அதன் விளிம்பு இளகியதா இறுகியதா, அது தானாக மூடக்கூடியதா என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

குடலிறக்கத்தில் பழுதுபட்டிருப்பது வயிற்றின் சுவர். குடலில் எந்தக் கோளாறும் இருக்க வேண்டியதில்லை. பல நேரங்களில் குடல்கூட வெளியே வருவதில்லை, குடலின் மேல் போர்வை போலக் கிடக்கும் வபை என்னும் கொழுப்பு மடிப்புத்தான் வருகிறது. வயிற்றுச் சுவர் தசைகளும் வலுவான சவ்வுகளும் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஆனது. ஏதேனும் ஒன்று அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகவேண்டியிருந்த இடங்களில் அது இயல்பிலேயே மெலிந்திருக்கும். ஆண் குழந்தையின் விரை கருவில் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் விரைப்பைக்கு இறங்கிச் சென்ற பாதை ஒன்று. காலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள் செல்லும் பாதை இன்னொன்று. தொப்புள்கொடி நுழைந்த இடம் மற்றொன்று. இவற்றோடு, மனிதர் கத்தி வைத்த இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மூவரும் இந்த நான்கில் மூன்றின் வழியாக வந்தவர்கள்.

அப்பாவுக்கு இருப்பது கவட்டைக் குடலிறக்கமாக இருக்க வேண்டும். வயிற்றுச் சுவர்க் குடலிறக்கங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வகைதான். வாழ்நாளில் ஆண்களில் நூற்றுக்கு சுமார் 27 பேருக்கும், பெண்களில் சுமார் 3 பேருக்கும் இது வருகிறது என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. இதிலும் இரண்டு உட்பிரிவுகள் உண்டு. விரை இறங்கிய பாதை பிறப்புக்குப் பின் அடைபட்டுவிட வேண்டும். அடைபடாமல் நின்றுவிட்டால் அதன் வழியே குடல் சாய்வாக இறங்கி, சிலருக்கு விரைப்பை வரை போய்விடும். இளைஞர்களிடமும் குழந்தைகளிடமும் காண்பது இதுதான். மற்றொன்று, வயது ஏற ஏற அந்தப் பகுதியின் பின்சுவர் நைந்து, குடல் நேராக முன்பக்கம் பிதுங்குவது. நாள்பட்ட இருமல், புகைப்பழக்கம், மலச்சிக்கல், புரோஸ்டேட் வீங்கியதால் முக்கிச் சிறுநீர் கழிப்பது, பளு தூக்குவது என வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும் எல்லாமே அந்த மெலிந்த இடத்தைச் சோதிக்கின்றன. சாய்வாக வருவதன் கழுத்து, அதாவது துளையின் வாய், பொதுவாகக் குறுகலானது. நேராக வருவதன் வாய் அகலமானது, அதனால் சிக்கிக்கொள்வது குறைவு.

டெல்டா பகுதியில் இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். யானைக்கால் நோய் ஒரு காலத்தில் பரவியிருந்த ஊர்களில், விரைப்பைப் பக்கம் வரும் எந்த வீக்கத்தையும் ஓதம் என்று ஒரே பெயரில் சொல்லிவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் ஹைட்ரோசில் வேறு, குடலிறக்கம் வேறு. நீர்க்கோப்பு படுத்தால் உள்ளே போகாது. இருமினால் கையில் தட்டாது. வீக்கத்தின் மேல் விளிம்பை விரல்களுக்கு இடையே பிடித்துவிட முடியும். குடலிறக்கத்தில் அப்படிப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அது மேலே வயிற்றோடு தொடர்ந்து இருக்கிறது. உங்கள் மருத்துவர் அப்பாவை நிற்க வைத்து, கவட்டையில் விரல் வைத்து இருமச் சொல்லிப் பார்த்திருப்பார். இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் அந்தப் பரிசோதனையே போதும்.

வலியில்லாத ஒன்றுக்கு ஏன் கத்தி என்று அப்பா கேட்பது நியாயமான கேள்வி. இதே கேள்வியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. தொந்தரவு அதிகமில்லாத 720 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு அறுவை செய்தார்கள், மற்றவர்களைக் கண்காணித்தார்கள். காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசர நிலைக்கு வந்தவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு. எனவே, தொந்தரவே இல்லாத ஆண்கள் மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருப்பது தவறாகாது. ஆனால் அதே ஆண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பத்து ஆண்டுகளுக்குள் சுமார் 68 சதவீதத்தினர், பெரும்பாலும் வலி கூடியதால், அறுவைக்கு வந்து சேர்ந்தார்கள். உங்கள் அப்பாவைத் தொந்தரவு இல்லாதவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலையை நிறுத்திப் படுத்து உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளிய மறுநிமிடமே மறுபடியும் பளுத் தூக்குகிறார். ஒருநாள் அது உள்ளே போக மறுத்தால், அந்த நேரத்தில் அவர் எந்த ஊரில், எந்த லாரியின் மேல் இருப்பார் என்பதையும் யோசித்துத்தான் மருத்துவர் அப்படிச் சொல்லியிருப்பார்.

குழந்தையின் தொப்புள் முற்றிலும் வேறு கதை. தொப்புள்கொடி விழுந்த பிறகு அந்த வளையம் சுருங்கி மூட வேண்டும். சில குழந்தைகளுக்கு, குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, அது தாமதமாகிறது. வளையம் வளரும் பருவத்தில் இருப்பதால் பெரும்பான்மையான குழந்தைகளுக்கு நான்கு ஐந்து வயதுக்குள் தானாகவே மூடிவிடும். உள்ளே குடல் சிக்குவது மிக அரிது. நாணயம் கட்டுவதால் வளையம் ஒரு நாள்கூட முன்னதாக மூடுவதில்லை. வியர்வையும் ஈரமும் தங்கித் தோல் புண்ணாகும்; கட்டு அவிழ்ந்து நாணயம் குழந்தையின் வாய்க்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பாட்டியிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லி இன்றே அவிழ்த்துவிடுங்கள். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: குழந்தைக்குக் கவட்டையில் புடைப்பு வந்தால் அது தானாக மூடாது, சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம்; அதற்குக் காத்திருக்கவே கூடாது. பெரியவர்களுக்கு வரும் தொப்புள் குடலிறக்கமும் தானாக மூடாது.

அம்மாவுக்கு இருப்பது தழும்புக் குடலிறக்கம். வயிற்றின் நடுவே நெடுக்காகக் கீறியவர்களில் பத்துக்கு ஒருவர் இருவருக்கு இது வருகிறது. கீறலை மூடும் விதமும் இதில் முக்கியம்: நெதர்லாந்தில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், பெரிய தையல்களால் மூடியவர்களில் ஓராண்டுக்குள் 21 சதவீதத்தினருக்கும், நெருக்கமான சிறு தையல்களால் மூடியவர்களில் 13 சதவீதத்தினருக்கும் குடலிறக்கம் வந்தது. அம்மாவின் புடைப்பு பெரியதாக இருந்தாலும் அதன் வாயும் அகலமாக இருக்கக்கூடும். சுருக்குப்பையின் இறுகிய வாயில்தான் பொருள் மாட்டும், அகன்ற பானையின் வாயில் மாட்டாது. அதனால் தயாராவதற்கு அவகாசம் இருக்கிறது. ஆனால் பழுது பார்ப்பது அப்பாவுடையதைவிடப் பல மடங்கு கடினம். பழைய அறுவையால் குடல்கள் சுவரோடு ஒட்டியிருக்கும். ஒரு துளைக்குப் பக்கத்தில் இன்னொன்று மறைந்திருக்கும். நீண்ட காலம் வெளியே கிடந்த குடலை உள்ளே வைக்க இடம் போதுமா என்று அளந்தும் பார்க்க வேண்டும். சி.டி. ஸ்கேன் இதற்காகத்தான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமலும், எடை குறையாமலும் செய்தால் புண்ணில் சீழ் பிடிக்கும்; சீழ் பிடித்த இடத்தில் குடலிறக்கம் திரும்பி வரும். ஒவ்வொரு மறு அறுவையும் முந்தையதைவிடக் கடினமாகும் என்பதால் முதல் முறையே சரியாகச் செய்ய வேண்டும் என்று அவர்கள் நினைப்பதை நான் மதிக்கிறேன். இதற்கிடையில் அந்தப் புடைப்பு உள்ளே போகாமல் வலித்தாலோ, மேல்தோல் மெலிந்து பளபளத்துப் புண்ணாகத் தொடங்கினாலோ இந்த அவகாசம் செல்லாது.

வலையைப் பற்றி. முன்பெல்லாம் துளையின் இரு விளிம்புகளையும் இழுத்துப் பிடித்துத் தைத்தார்கள். இத்தாலியின் பாதுவா நகரத்தைச் சேர்ந்த பஸ்ஸீனி 1880-களில் வகுத்த முறை அது. நூறாண்டுக் காலம் உலகம் முழுவதும் அதுவே வழக்கில் இருந்தது. இழுத்துத் தைத்த தசை மறுபடியும் பிரிந்துவிடும் என்பதே அதன் குறை. 1958-இல் அமெரிக்காவில் அஷர் என்ற மருத்துவர் செயற்கை இழையால் ஆன வலையை அறிமுகப்படுத்தினார். துளையை இழுத்து மூடாமல், கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப்போடுவது போல மேலே வலையை விரித்துத் தைக்கிறோம். சில வாரங்களில் நம் உடம்பின் இழைகளே வலையின் கண்களுக்குள் வளர்ந்து அதைச் சுவரோடு சுவராக்கிவிடும். அம்மாவுக்கு இருப்பது போன்ற தழும்புக் குடலிறக்கத்தில், நெதர்லாந்தில் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, தையல் மட்டும் போட்டவர்களில் 63 சதவீதத்தினருக்கும் வலை வைத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கும் திரும்பி வந்திருந்தது. வலை வைத்தாலும் திரும்பக்கூடும் என்பதையும் இந்த எண் சொல்கிறது. கவட்டை அறுவைக்குப் பிறகு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் ஏதோ ஒரு வலி நீடிக்கலாம். வலையில் கிருமி தொற்றினால் அதை எடுக்க நேரலாம். இவற்றை மருத்துவர் மறைக்கக் கூடாது, நீங்களும் கேட்கத் தயங்கக் கூடாது. வலையே இல்லாமல் செய்யும் முறைகளும் இருக்கின்றன. கனடாவின் டொராண்டோவில் உருவான ஷோல்டைஸ் முறையும், புணேயைச் சேர்ந்த டாக்டர் தேசர்தா வகுத்த முறையும் அவற்றுள் சில. ஆனால் எந்த முறையானாலும் அதில் கைபழகிய மருத்துவரிடம் செய்துகொள்வதே முக்கியம்.

வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு திடீரென்று போக மறுத்து, கல்போல இறுகி, தொட்டாலே வலித்து, வாந்தியும் வந்து, வாயு பிரியாமல் நின்றுவிட்டால், அல்லது மேல்தோல் சிவந்தோ கறுத்தோ போனால், அது அறுவை அவசரம். துளையின் கழுத்தில் நெரிபட்ட குடலுக்கு இரத்தம் போவது நின்று, சில மணி நேரத்துக்குள் அந்தத் துண்டு அழுகத் தொடங்கிவிடும். அந்த நிலையில் எண்ணெய் தடவி நீவுவதோ, பலங்கொண்டு அழுத்துவதோ, கஷாயம் கொடுப்பதோ கூடாது. உண்ணவும் பருகவும் ஒன்றும் கொடுக்காமல் 108-ஐ அழைத்து அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பதில் 2: மாடக்குளம்

மருத்துவர் ஐயா, இரத்தக் குழாய்கள் செல்லும் பாதையை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அந்தப் பாதையில் வந்த குடலிறக்கத்தால் என் அம்மாவை ஏறக்குறைய இழந்துவிட்டேன் என்பதால் அதை நான் எழுத வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கும் பெண்களுக்காகவும், தாயாரை உடன் வைத்திருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது வயது 68, மெலிந்த உடம்பு. இடது கவட்டை மடிப்புக்குச் சற்றுக் கீழே, தொடையின் மேற்பகுதியில், நெல்லிக்காயைவிடச் சிறிதாக ஒரு கட்டி இருந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாகச் சொன்னார். அதற்கு முந்தின வாரம் காலில் முள் குத்திப் புண்ணாகியிருந்ததால், நெறி கட்டியிருக்கிறது, புண் ஆறினால் தானாகப் போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். புண் ஆறிவிட்டது, கட்டி போகவில்லை. வலிக்காததால் நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தன. பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்கில் வாயுத் தொந்தரவு என்று ஊசி போட்டார்கள். மறுநாளும் அதே. கொஞ்சம் மலமும் போய்க்கொண்டிருந்ததால் குடலடைப்பாக இருக்காது என்றார்கள். மூன்றாம் நாள் மாலை, வேறொரு மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர், செவிலியரை உடன் வைத்துக்கொண்டு திரையை இழுத்துவிட்டு, அம்மாவின் புடவைக் கொசுவத்தைத் தளர்த்தி இரண்டு பக்கக் கவட்டையையும் கையால் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதுவரை மூன்று நாட்களாக யாரும் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. அம்மாவும் கூச்சத்தால் சொல்லவில்லை, கேட்டவர்களும் இல்லை. அன்றிரவே அறுவை நடந்தது. கறுத்துப்போன ஒரு சாண் குடலை வெட்டி எடுத்து இணைத்தார்கள். பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து அம்மா பிழைத்து வந்தார்.

தொடைக் குடலிறக்கம் என்று இதற்குப் பெயர் என்றும், இது ஆண்களைவிடப் பெண்களுக்கே, அதிலும் வயதானவர்களுக்கே, அதிகம் வரும் என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தத் துளையைச் சுற்றிலும் எலும்பும் விறைத்த தசைநாரும் இருப்பதால் அது சற்றும் நெகிழ்ந்து கொடுக்காது. அதனால் மிகச் சிறிய கட்டிதான் மிக எளிதாக நெரிபடும். குடலின் முழுச் சுற்றும் மாட்டாமல் ஒரு பக்கச் சுவர் மட்டும் மாட்டிக்கொள்வதும் உண்டாம். அப்போது மலம் போய்க்கொண்டே இருக்கும், உள்ளே குடல் அழுகிக்கொண்டே இருக்கும். எங்களை ஏமாற்றியது அதுதான்.

வயதான பெண் ஒருவர் வாந்தி, வயிற்றுவலி என்று சொன்னால், கவட்டையைப் பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

பதில் 3: பாரச்சுமை

வெண்ணாற்றங்கரை தம்பிக்கு வணக்கம். சுமைப்பணித் தொழிலாளர்களின் சங்கம் ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். அதற்கு முன்பு நானும் மூட்டை தூக்கியவன். எனக்கும் இடது கவட்டையில் அறுவை நடந்திருக்கிறது. உங்கள் அப்பா துண்டைச் சுருட்டி வைத்துக் கட்டுவதாக எழுதியிருந்ததைப் படித்ததும் எங்கள் ஆட்கள் பலரின் முகம் கண்முன் வந்தது. கடையில் விற்கும் பெல்ட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது துளையை மூடாது. குடல் வெளியே இருக்கும்போது அதன் மேலேயே இறுக்கிக் கட்டினால் கேடுதான் விளையும். எங்களில் ஒருவர் அப்படிக் கட்டிக்கொண்டே ஆறு ஆண்டுகள் ஓட்டினார். கடைசியில் அறுவை செய்தபோது, உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருந்ததால் ஒரு மணி நேரத்தில் முடியவேண்டியது மூன்று மணி நேரமானது என்று மருத்துவர் சொன்னார்.

அப்பாவின் பயம் கத்தியைப் பற்றியது மட்டுமாக இருக்காது என்று நினைக்கிறேன். அறுவை முடிந்து எத்தனை நாள் கூலி போகும் என்பதும் உள்ளே இருக்கும்; அதை அவர் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்தார்கள், நினைவோடுதான் இருந்தேன். அன்றிரவு சிறுநீர் பிரியாமல் கொஞ்சம் அவதிப்பட்டு, குழாய் வைத்து எடுத்தார்கள். மறுநாள் காலையில் நடக்க வைத்தார்கள். இருமல் வந்தபோது தலையணையைக் கவட்டையில் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் செவிலியர் அம்மா சொல்லிக் கொடுத்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்பது இருமிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பத்து நாளில் கடைத்தெருவுக்குப் போய் வந்தேன். மூட்டை தொட ஆறு வாரம் ஆகும் என்றார்கள். எங்கள் சங்கத்தில் அந்த ஆறு வாரத்துக்கும் எடை போடுவது, சீட்டு எழுதுவது போன்ற வேலைக்கு மாற்றிவிடுவோம். உங்கள் ஊரில் மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அப்பா பீடி குடிப்பவரானால் அறுவைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். பீடியால் வரும் இருமல்தான் தையலின் முதல் எதிரி. இரவில் அடிக்கடி எழுந்து முக்கிச் சிறுநீர் கழிக்கிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நான் அதைச் சொல்லாமல் விட்டதால்தான் அன்றிரவு அவதிப்பட்டேன்.

மீண்டும்: வெண்ணாற்றங்கரை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பாரச்சுமை ஐயா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் ஓய்ந்ததும் செய்துகொள்கிறேன் என்று சொன்னார். மாடக்குளம் அக்கா எழுதியதைப் படித்ததும் பாட்டியிடம் கேட்டேன். நல்லவேளையாக அவருக்கு அப்படி எதுவும் இல்லை.

குழந்தையின் நாணயத்தை நேற்றிரவு அவிழ்த்தோம். அடியில் நாணயத்தின் வட்டம் அப்படியே பதிந்து, தொப்புளின் ஓரம் சிவந்து ஈரமாக இருந்தது. பாட்டி அதைப் பார்த்துவிட்டுத் தானே நாணயத்தை எடுத்து உண்டியலில் போட்டுவிட்டார்.

இன்னும் இரண்டு கேள்விகள். அறுவடை முடியும்வரை அப்பா காத்திருக்கலாமா? அடுத்தது, என் மாமாவுக்கு நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பி செய்தபோது ஹையாட்டஸ் ஹெர்னியா என்று எழுதியிருக்கிறார்கள். அவர் வயிற்றில் எந்தப் புடைப்பும் இல்லை. அதுவும் இதே நோயா?

பதில் 4: அறுவைக்கூடம்

மாடக்குளம் அம்மையாருக்கு முதலில் நன்றி. நான் விட்டுவிட்டதை அவர் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். தொடைக் குடலிறக்கத்துக்குக் காத்திருக்கும் வழி கிடையாது. கண்டறிந்தவுடன் அறுவைக்கு நாள் குறிப்பதே முறை. 2006-ஆம் ஆண்டு ஆய்வின் எண்கள் ஆண்களின் கவட்டைக் குடலிறக்கத்துக்கு மட்டுமே உரியவை. பெண்கள் யாரும் அவற்றைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. மெலிந்த மூதாட்டிகளுக்கு இடுப்பெலும்பின் துளை வழியாக வரும் இன்னொரு வகையும் உண்டு. அதில் வெளியே ஒன்றும் தெரியாது. தொடையின் உட்பக்கம் முழங்கால்வரை இழுக்கும் வலியும் குடலடைப்பும் சேர்ந்து வரும், ஸ்கேனில்தான் பிடிபடும்.

மாமாவுக்கு இருப்பது பெயரால் மட்டுமே உறவு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்கும் துளை தளர்ந்து, இரைப்பையின் மேல்முனை நெஞ்சுப் பக்கம் ஏறியிருக்கிறது. இதில் பெரும்பான்மை சறுக்கி ஏறி இறங்கும் வகை. எதுக்களிப்பும் நெஞ்செரிச்சலும்தான் அதன் தொந்தரவு. இரவு உணவை முன்னதாக முடித்துக்கொள்வது, தலைப்பக்கம் கட்டிலை உயர்த்துவது, எடையைக் குறைப்பது, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றோடு பலர் நன்றாக இருக்கிறார்கள். இரைப்பை பக்கவாட்டில் உருண்டு ஏறும் அரிய வகைக்குத்தான் அறுவை பற்றி யோசிக்க வேண்டும்; அவருடைய அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

குழந்தைக்கு வெதுவெதுப்பான நீரால் துடைத்து, ஈரம் போக ஒற்றி, காற்றாட விடுங்கள். பவுடரோ மஞ்சளோ வேண்டாம். இரண்டு நாளில் சிவப்பு குறையாவிட்டால் அல்லது சீழ் தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பா தை, மாசி வரை காத்திருப்பதில் எனக்கு மறுப்பில்லை, அதுவரை அவர் மூட்டை தூக்காமல் இருந்தால். ஆனால் அவர் காத்திருக்க நினைப்பதே மூட்டை தூக்குவதற்காகத்தான். கொள்முதல் மும்முரமாக நடக்கும் அந்த இரண்டு மாதங்களில்தான் அவர் ஆண்டிலேயே அதிகமாகப் பளுத் தூக்குவார். இப்போதே செய்துகொண்டால் ஆறு வாரம் ஓய்வெடுத்துவிட்டு, தை பிறக்கும்போது மருத்துவர் அனுமதியோடு வேலைக்குத் திரும்பலாம். கூலிக் கணக்கிலும் அதுவே அவருக்கு நல்லது. இதை அவரிடம் நாட்காட்டியை வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். சேர்க்கைக்கு வரும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டையும் கொண்டு வாருங்கள். இதயத்துக்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் இருந்தால் அதை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கும், நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அம்மாவின் ஆறு ஆண்டுக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் இருக்கிறதா என்றும் தேடி வையுங்கள். அப்போது என்ன செய்தார்கள், புண்ணில் சீழ் பிடித்ததா என்பது அதில் இருக்கும். அவருடைய அறுவையைத் திட்டமிடும் மருத்துவர் ஸ்கேனுக்கு அடுத்தபடியாகக் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.